டிரிப்ஸுக்கு மறுநாள்: பாலக்காட்டில் தம்பிக்குப் பார்த்த ஓ.சி.டி. சிகிச்சை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டிலிருந்து எலப்புள்ளி வழியாக பஸ் பிடித்துப் போய், பாலக்காட்டில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் என் தம்பிக்கு ஓ.சி.டி.க்காகச் சிகிச்சை பார்த்தோம். வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைப் போக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய் அது. கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றும் டிரிப்ஸ், அதோடு சேர்த்து சைக்காலஜிஸ்ட் நடத்தும் பயிற்சி. அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. தம்பி இதே ஊரில் வேலைக்குப் போய்வருகிறவன். அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்பது அவன் சொன்ன ஒரே நிபந்தனை. பெயர் தெரியாவிட்டாலும் பயன் உண்டு. கோவையோ கொச்சியோ பெங்களூரோ, எங்கே போனாலும் எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்குக் கட்டிய பணத்தைவிட, மருந்துக்கு மறுநாள் சைக்காலஜிஸ்டுக்குக் கட்டிய பணம்தான் அதிகப் பலன் தந்தது. மருந்து இல்லாமலே அது நடந்திருக்குமா என்றால், தம்பி விஷயத்தில் அதற்கு முன்பு நடக்கவில்லை. இரண்டும் சேர வேண்டும், இரண்டுக்கும் நடுவே நாள் தள்ளிப்போகக் கூடாது.

தம்பிக்கு வந்தது பூச்சிமருந்துப் பயம். அப்பா வயலிலிருந்து வந்து தொட்ட எதையும் அவன் தொட மாட்டான். தன் கையில் ஒட்டிய மருந்து அம்மாவின் சாப்பாட்டில் கலந்து அம்மா செத்துப்போவாள் என்று ஒரு நினைப்பு. அது பொய் என்று அவனுக்கே தெரியும், தெரிந்தும் கழுவுவான். எங்கள் பகுதி மழை மறைவுப் பகுதி. பாலக்காடு என்றதும் பச்சைப்பசேல் என்று நினைப்பவர்கள் கோடையில் இந்தப் பக்கம் வந்து பார்த்தால் பனைமரமும் வறண்ட போர்வெல்லுமாக இருக்கும். வீட்டில் மற்றவர்கள் துணி துவைக்கச் சிக்கனம் பிடிக்க, அவன் லாரித் தண்ணீரைத் தொட்டியோடு காலி செய்வான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். இதற்கு நடுவில் மூக்கு கோணலாக இருக்கிறது என்ற இன்னொரு நினைப்பும் சேர்ந்துகொண்டது. போனின் முன்பக்கக் கேமராவில் ஒரு மூக்கையே மணிக்கணக்கில் படம் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பான். கோவையில் பார்த்த வேலை போனது இதனால்தான்.

மாத்திரை சாப்பிடாமல் இல்லை. ஃப்ளூஆக்ஸெட்டின் கொடுத்தார்கள், அப்புறம் க்ளோமிப்ரமின். ஓ.சி.டி.க்கு இந்த மருந்துகளை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவில், எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படித்தான் கொடுத்தார்கள். தூக்கம் சரியானது, கழுவுவது கொஞ்சம்தான் குறைந்தது. ஈ.ஆர்.பி. என்ற பயிற்சியையும் தொடங்கினார்கள். பயப்படும் பொருளைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும், பயம் தானாக இறங்கும் வரை அல்லது பயத்தோடு இருக்கப் பழகும் வரை. 1966-லிருந்து இருக்கும் முறை, இன்றைக்கும் ஓ.சி.டி.க்கு இதுதான் முதல் வரிசைப் பயிற்சி. தம்பி முதல் படியிலேயே எழுந்து வந்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் அவனோடு வேலை பார்த்த ஒருவர் மாயத்தோற்றம் காட்டும் கொடைக்கானல் போதைக் காளானைப் பற்றிச் சொன்னார். காட்டேஜ், இரண்டு இரவு, கூட ஒரு வழிகாட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்று. வெளிநாட்டில் ஓ.சி.டி.க்கே இதை வைத்து ஆய்வு நடக்கிறது என்று லிங்க் எல்லாம் அனுப்பினார். ஆய்வு நடப்பது உண்மை. அதனால்தான் உட்கார்ந்து படித்தேன். வேதனையில் இருக்கும் ஒரு வீட்டுக்கு இந்த மாதிரிச் செய்தி வந்தால் அதை யாராவது ஒருவர் முழுதாகப் படித்துவிட வேண்டும்.

அந்தக் காளானில் போதை தரும் சைலோசைபின் என்ற பொருளை ஓ.சி.டி.க்கு முதலில் முறையாகச் சோதித்தது அரிசோனா பல்கலைக்கழகத்தில் மொரேனோ குழு. 2006-ல் முடிவு வந்தது. ஒன்பது பேர். மருந்து எடுத்த நாட்களில் எல்லோருக்குமே அறிகுறி குறைந்தது, சிலருக்கு 23 சதவீதம், சிலருக்கு முழுவதுமாகவே. இதைத்தான் எல்லோரும் பரப்புகிறார்கள். ஆனால் பெரிதாக எதுவும் செய்யாது என்று நினைத்துக் கொடுத்த மிகச் சிறிய அளவிலும் குறைந்திருக்கிறது. அப்படியானால் குறைத்தது மருந்தா, எதிர்பார்ப்பா, கூட இருந்தவர்களின் கவனிப்பா? ஒன்பது பேரை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

மூக்குப் பிரச்சினை போன்ற உடல்தோற்றக் கவலைக்கு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2023-ல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டது. மாத்திரைக்குக் கேட்காத 12 பேருக்கு 25 மில்லிகிராம் ஒரே ஒரு முறை கொடுத்தார்கள். 12 வாரம் கழித்து ஏழு பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து இல்லாத இன்னொரு குழு அதில் கிடையாது. அதே ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோவில், சாப்பிட மறுக்கும் அனோரெக்ஸியா நோய் உள்ள பத்துப் பெண்களுக்கு அதே 25 மில்லிகிராம். மூன்று மாதம் கழித்து நான்கு பேருக்கு நோயின் சிந்தனைகள் சாதாரணமானவர்கள் அளவுக்கு அருகே இறங்கியிருந்தன. எடையில் மட்டும் சொல்லும்படி மாற்றமில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கையும் கவலையும் ஒன்றாக வந்தன. மனம் இளகியது, உடம்பு அங்கேயே நிற்கிறது என்றால், அந்த இளகிய நாட்களில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டிருக்க வேண்டும் இல்லையா?

காட்டேஜ்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆய்வுகளில் கொடுப்பது அளந்து தயாரித்த மருந்து, சாணத்தில் முளைத்த காளானை யாரும் கொடுப்பதில்லை. முன்கூட்டியே பல சந்திப்புகள், மருந்து வேலை செய்யும் அத்தனை மணி நேரமும் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள், பிறகும் சந்திப்புகள். மனச்சிதைவு இருப்பவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. கொடைக்கானலில் இதில் எது இருக்கிறது? காளானுக்குக் காளான் சத்து மாறும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் விஷக்காளானும் உண்டு. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சைலோசைபின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானை அப்படியே பட்டியலிட்ட போதைப்பொருளாகக் கொள்ள முடியாது என்று சொன்னதை வைத்துப் பலர் இனிப் பயமில்லை என்கிறார்கள். ஒரு ஜாமீன் உத்தரவு சிகிச்சைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. தம்பியிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவனும் வேண்டாம் என்றான்.

கெட்டமின் வேறு வகை. அது அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து, அமெரிக்காவில் 1970-லேயே அனுமதி பெற்றது, நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சட்டப்படி புழங்குவது. காளானும் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வழியாக வேலை செய்கின்றன, கெட்டமின் குளூட்டமேட் என்ற இன்னொரு ரசாயனத்தின் வழியாக. குறைந்த அளவில் மெதுவாக ஏற்றினால் கொஞ்ச நேரம் உடம்பிலிருந்து விலகி நிற்கும் உணர்வு வரும், அதனால் இதையும் அந்த மாயத்தோற்ற மருந்துகளின் வரிசையில் சேர்த்துப் பேசுகிறார்கள். ஓ.சி.டி.க்கென்று இதற்குத் தனி அனுமதி கிடையாது. டாக்டர் தன் பொறுப்பில் கொடுப்பது. இதை அந்த மருத்துவமனையின் டாக்டர் முதல் சந்திப்பிலேயே சொன்னார்.

அவர் இன்னொன்றும் செய்தார், அதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு ஆய்வுகளைச் சொன்னார். 2013-ல் கரோலின் ரோட்ரிகஸ் குழு 15 பேருக்குச் செய்தது ஒன்று: உடல் எடை கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் ஏற்றி, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கெட்டமின் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நல்ல பலன், வெறும் உப்புநீர் ஏற்றியவர்களில் யாருக்கும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் மிகக் கடுமையான ஓ.சி.டி. உள்ள பத்துப் பேருக்குக் கொடுத்தது இன்னொன்று: அந்த அளவு பலன் ஒருவருக்கும் இல்லை. "டீச்சர், உங்க தம்பி இதுல எந்தப் பக்கம்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார். நல்லதை மட்டும் சொல்லியிருந்தால் நான் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பேன்.

அப்புறம் தம்பியின் ரத்த அழுத்தம், இதயம், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஓ.சி.டி. எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோலில் மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 40. தம்பிக்கு 31. இப்படி அளந்து எழுதி வைக்காமல் டிரிப்ஸ் ஏற்றும் இடத்துக்குப் போகாதீர்கள், பிறகு குறைந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

டிரிப்ஸ் நாள் நான் பயந்த அளவுக்கு இல்லை. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். சாய்வு நாற்காலி, கையில் பி.பி. பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், ஜன்னலுக்குத் திரை. நர்ஸ் சேச்சி எங்கும் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். "பேடிக்கண்டா மோனே" (பயப்படாதே மகனே) என்று நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தார், தம்பிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றான், சுவர் தள்ளிப்போகிறது என்றான், பிறகு பேசவில்லை. பி.பி. ஏறியது, முடிந்து கொஞ்ச நேரத்தில் இறங்கியது. ஒரு தடவை வாந்தி. இரண்டு மணி நேரம் படுக்க வைத்துத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி கைகழுவும் இடத்தில் நின்றவன், குழாயைத் திறக்காமல் திரும்பி வந்து படுத்தான். "நினைப்பு வந்துச்சுக்கா. நான் ஒண்ணும் செய்யல, அது போயிடுச்சு" என்றான். அம்மாவுக்கு அப்போதே எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு சந்தோஷம்.

சரியாகவில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: இந்த நிலை சில நாட்கள், அதிகம் போனால் ஒன்றிரண்டு வாரம். அதற்குள் பயிற்சியைச் செய்துவிட வேண்டும். இதற்கும் ஒரு சிறு ஆய்வு இருக்கிறது. அதே ரோட்ரிகஸ் குழு 2016-ல் பத்துப் பேருக்கு ஒரே ஒரு டிரிப்ஸ் ஏற்றி, அதைத் தொடர்ந்த இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி பத்து நடத்தியது. எட்டுப் பேர் முடித்தார்கள், அதில் ஐந்து பேருக்குப் பலன். ஒப்பீட்டுக் குழு இதிலும் கிடையாது. ஆனால் வழி எங்கே போகிறது என்று காட்டுகிறது. சான் டியேகோ ஆய்வைப் படித்தபோது எனக்கு வந்த கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைத்தது.

இந்த மருத்துவமனையின் உண்மையான பலம் அந்த சைக்காலஜிஸ்ட். எல்லைப் பக்கத்துத் தமிழ்க்காரர். அம்மாவுக்கு மலையாளம் கேட்டால் புரியும், பேச வராது. ஒரு பெண் தன் பயத்தை அடுத்தவர் பாஷையில் சொல்ல வேண்டியிருந்தால் பாதியை விழுங்கிவிடுவாள். இவரிடம் அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள்.

டிரிப்ஸுக்கு மறுநாள் காலையிலேயே அவர் தம்பியைப் பூச்சிமருந்துக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்குள் போகவில்லை, மருந்துப் பாட்டிலைத் தொடவில்லை. வாசலில் நின்று, விவசாயிகள் பிடித்துத் திறக்கும் அந்தக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். போன முறை மோட்டார் சுவிட்சைத் தொடச் சொன்னதற்கே எழுந்து ஓடியவன், இங்கே வியர்த்து வழிய நின்றான். அவர் பயம் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 90 என்றான், 85 என்றான், ரொம்ப நேரம் கழித்து 60 என்றான். அடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுவாத அந்தக் கையால் அம்மாவின் தட்டில் தோசையைப் பிட்டு வைக்கச் சொன்னார். தம்பி வைத்தான். அம்மா சாப்பிட்டாள். வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் அவர் தனியாகப் பாடம் நடத்தினார். தம்பி ஒரு நாளைக்கு நூறு தடவை "அம்மா, கை சுத்தமா இருக்கா? உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பான். ஆகாது சாமி, ஆகாது சாமி என்று சொல்வதுதான் தாய்மை என்று எந்த வீட்டிலும் நினைப்பார்கள். அந்தப் பதில் ஐந்து நிமிட நிம்மதி தரும், ஆறாவது நிமிடம் கேள்வி இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். அதனால் வீட்டார் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்: "அதுக்கு நான் பதில் சொல்லலை கண்ணு, நீ சமாளிச்சுக்குவே." எழுதும்போது எளிதாக இருக்கிறது. மகன் அழுதுகொண்டு முன்னால் நிற்கும்போது அதைச் சொல்ல அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொள்வாள். ஆனாலும் சொன்னாள். இந்தச் சிகிச்சையில் அதிகம் உழைத்தது யார் என்று கேட்டால் அம்மா என்றுதான் சொல்வேன். அவளை உழைக்க வைக்கத் தெரிந்த ஆள் அங்கே இருந்தார், அதற்குத்தான் இந்த மருத்துவமனைக்கு நான் மதிப்பெண் போடுகிறேன்.

மூக்கு விஷயத்தில் முன்னேற்றம் மெதுவாகத்தான். கண்ணாடியை மூடி வைக்கச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் கை நீட்டும் தூரத்தில் நின்று முழு முகத்தையும் பார்த்து, நெற்றி, புருவம், தாடை என்று வர்ணிக்கச் சொன்னார். நல்லா இருக்கு, கோணலா இருக்கு என்ற தீர்ப்பு கூடாது. மூக்கு ஆபரேஷன் வேண்டும் என்ற பேச்சு இப்போது குறைந்திருக்கிறது. போட்டோ எடுப்பது இன்னும் நிற்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தான் இருந்தது. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் இத்தனை இருக்கும்போது, தமிழ்க் குடும்பங்கள் இத்தனை வரும்போது, மூளையில் வேலை செய்யும் மருந்துக்கு அம்மா படிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்குவது சரியில்லை. அதை நானே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பயன்படுத்துகிறார்களா என்று அடுத்த முறை பார்க்க வேண்டும். டிரிப்ஸ் அறைக்கு வெளியே வராந்தாவில் டி.வி. அலறுகிறது. அந்த 40 நிமிடத்தில் மனம் எவ்வளவு மெலிதாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் அதை முதலில் அணைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, இரண்டாம் முறை டிரிப்ஸ் ஏற்றியபோது சைக்காலஜிஸ்ட் லீவில் இருந்தார். கவுண்டரில் யாரும் அதைச் சொல்லவில்லை, பில் போட்டு ஏற்றிவிட்டார்கள். பயிற்சி இல்லாமல் அந்த நல்ல நாட்கள் கரைந்துபோயின, அந்த வார முடிவில் தம்பி பழையபடி குழாயடியில் நின்றான். நான் டாக்டரிடம் நேராகவே சொன்னேன்: பயிற்சிக்கு ஆள் இல்லாத வாரத்தில் இந்த ஊசியை விற்கக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த முறையிலிருந்து இரண்டு தேதியையும் ஒன்றாகக் குறித்த பிறகுதான் பணம் கட்டினோம்.

செலவு: டிரிப்ஸ் ஒரு தடவைக்கு ஏழாயிரம் சொச்சம், சைக்காலஜிஸ்ட் ஒரு மணிக்கு ஆயிரத்து இருநூறு. மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் எங்கள் காப்பீட்டு நிறுவனம் டிரிப்ஸ் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டது.

என் பள்ளியில் மதியச் சாப்பாட்டைத் தொடர்ந்து ஒதுக்கி மெலிந்துகொண்டே வந்த ஒரு மாணவிக்காகவும் அங்கே விசாரித்தேன். சாப்பாட்டுக் கோளாறுக்கு டிரிப்ஸ் தர மாட்டோம் என்று தெளிவாகச் சொன்னார் டாக்டர். எடை இறங்கியவர்களுக்கு ரத்தத்தில் உப்புகளும் இதயத் துடிப்பும் குழம்பியிருக்கும், முதலில் அதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும் குடும்ப சிகிச்சைதான் முதலில். சான் டியேகோ ஆய்வில் இருந்ததும் பெரியவர்கள்தான். பணம் வரும் இடத்தில் இல்லை என்று சொல்லத் தெரிந்த மருத்துவமனை என்று இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது? மாத்திரையைச் சரியான அளவில், சரியான காலம் சாப்பிட்டும், பயிற்சியில் முதல் படி ஏற முடியாமல் நிற்பவர்களுக்கு. ஓ.சி.டி. என்று நேற்றுதான் தெரிந்தவர்கள் இதில் தொடங்க வேண்டாம். அவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. பெங்களூர் போக முடிந்தால் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

தம்பியின் மதிப்பெண் இப்போது 18. நடுத்தரம் என்ற கணக்கில் வரும். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மில்லில் கணக்கு எழுதப் போகிறான், மூட்டைகளைத் தொட்டுவிட்டு டீ குடிக்கிறான். அடுத்த டிரிப்ஸ் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று போன தடவை டாக்டர் கேட்டார். வேண்டாம் சார், பயிற்சிக்கு மட்டும் வருகிறேன் என்று தம்பி சொன்னான். டாக்டரும் சரி என்று சீட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தார்.